எது பிந்தியதோ அது

அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான இழப்பீட்டு விதிகளில் ஒரு சிறு தொடர் வருகிறது. பணியினால் நேர்ந்த உடற்குறைக்கான தொகையை எந்த நாளிலிருந்து கணக்கிடுவது என்ற கேள்விக்கு, மனு அரசின் கைக்கு வந்து சேர்ந்த நாள், உரிமை தோன்றிய நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அது என்று அந்த விதி விடை சொல்கிறது. படிப்பதற்கு எளிய, நடுநிலையான தொடர்தான். ஆனால் காது கேளாமையோடும் காதிரைச்சலோடும் வாழ்பவர்களின் வழக்குகளில் இத்தொடர் எவ்வாறு இயங்குகிறது என்று பார்க்கும்போது, அதன் நடுநிலை குறித்து ஐயம் எழாமல் இருப்பதில்லை.

இலக்கிய ஏடுகளைப் படிப்பவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அந்நாட்டு முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியம் தன் முடிவுகளைப் பெயர் நீக்கி வெளியிடுகிறது. 1992 முதலானவற்றை இணையத்தில் எவரும் படிக்கலாம். அவற்றில் நூறு முடிவுகளைப் படித்தால் ஒரு பெரும் உரைநடை இலக்கியத்தின் முன் நிற்பது போன்ற உணர்வு வந்துவிடும். பீரங்கியின் அருகே நின்றவர், கப்பலின் இயந்திர அறையில் பணி செய்தவர், விமானதளத்தில் ஓடுபாதைக்கு அருகே உறங்கியவர் என்று ஒவ்வொருவர் வாழ்வும் இரண்டு மூன்று பத்திகளில் வந்து போகிறது. பெயர் இல்லை, முகம் இல்லை, நாட்கள் மட்டும் உண்டு. பணியில் சேர்ந்த நாள், விலகிய நாள், மனுச் செய்த நாள், சோதித்த நாள். கதையின் முடிவு, இந்நாட்களில் எதை அரசு தொடக்கமாக ஏற்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

காதின் துயரம் பிற காயங்களைப் போன்றதன்று. கால் இழந்தவனுக்கு அந்த நாள் தெரியும். செவி இழந்தவனுக்குத் தெரியாது. துப்பாக்கி வெடிக்கும்போது எழும் ஒலியின் உச்சம் 150 டெசிபெல்லைத் தாண்டும். உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் இத்தகைய ஒலியால் சிதைந்தால் மனித உடலில் அவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் அதிர்வெண் பகுதி. பேச்சில் உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. மெய்யொலிகள் பலவும், குறிப்பாகக் காற்றை உரசி எழுபவை, உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. ஆகவே இத்தகையவருக்கு உயிர் கேட்கும், மெய் கேட்காது. யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. தமிழ் படித்தவர்களுக்கு இதைவிடத் தெளிவாக இந்த நோயை விளக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். நோயாளியோ தன் காது மங்கியது என்று எண்ணுவதில்லை. பிறர் முணுமுணுக்கிறார்கள் என்றே எண்ணுகிறார். இந்த எண்ணத்திலேயே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இந்த மங்கலைச் சட்டம் எண்களால் அளக்கிறது. 500, 1000, 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய ஐந்து அதிர்வெண்களில் ஏதேனும் ஒன்றில் கேள்வரம்பு 40 டெசிபெல் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது அவற்றுள் மூன்றிலேனும் 26 டெசிபெல் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது மேரிலாண்ட் சொல்லறி சோதனையில் மதிப்பெண் 94 விழுக்காட்டுக்குக் கீழே போக வேண்டும். அப்போதுதான் அது சட்டத்தின் கண்ணில் குறை. அந்தச் சோதனைப் பட்டியல் ஒவ்வொன்றிலும் 50 சொற்கள். அனைத்தும் மெய், உயிர், மெய் என்ற அமைப்பில் அமைந்த ஓரசைச் சொற்கள். மெய்யை இழந்தவன் எத்தனை மெய்களை இழந்தான் என்று எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு அது. 38 டெசிபெல் வரம்போடு வந்தவர் திருப்பி அனுப்பப்படலாம். சில ஆண்டுகளில் அதே காது 40-ஐ எட்டும்போது அவருக்கு உரிமை தோன்றுகிறது. ஆக இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று உடலின் கடிகாரம். மற்றொன்று அலுவலகத்தின் கடிகாரம். இரண்டில் எது தாமதமாக அடிக்கிறதோ அந்த மணியே கணக்கில் வரும்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. படையிலிருந்து விலகிய ஓராண்டுக்குள் மனுச் செய்தால், விலகியதற்கு மறுநாளே தொடக்க நாள். ஏற்கெனவே ஏற்கப்பட்ட குறை முற்றிவிட்டால், முற்றிய ஓராண்டுக்குள் மனுச் செய்வோருக்கு முற்றிய நாளையே தரலாம். மனுச் செய்யவிருக்கிறேன் என்று முறைப்படி முன்னறிவித்துவிட்டு ஓராண்டுக்குள் முழு மனுவைத் தந்தால், முன்னறிவிப்பு நாள் காக்கப்படும். இம்முறை 2015-இல் வந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய மேல்முறையீட்டுச் சட்டத்தின்படி, மறுக்கப்பட்டவர் ஒவ்வொரு மறுப்புக்கும் ஓராண்டுக்குள் அடுத்த படியில் கால் வைத்துக்கொண்டே போனால் முதல் மனுவின் நாள் உயிரோடிருக்கும். எல்லாவற்றிலும் அந்த ஓராண்டு என்ற அளவு திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்கலாம். இருபது ஆண்டுகளில் மெல்ல முற்றும் ஒரு நோய்க்கு ஓராண்டு என்ற படி அளக்கப்படுகிறது.

காதிரைச்சலின் கதை இன்னும் நுட்பமானது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடையே பணிவழிக் குறைகளில் மிகப் பரவலானது இதுதான். 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதற்காக இழப்பீடு பெறுகிறார்கள். வெளியே எவருக்கும் கேட்காத ஒலி அது. எந்தக் கருவியிலும் பதிவாகாதது. இருக்கிறது என்று சொல்பவரே அதற்குச் சாட்சி. அவர் சொல்லே போதிய சான்றாகலாம் என்பதைப் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் ஏற்றது. ஒலியதிர்ச்சியால் நரம்பு சிதைந்ததற்குச் சான்றுள்ள இடத்தில் இதை நரம்பு மண்டலத்தின் நாட்பட்ட நோயாகக் கருதலாம் என்று 2015-இல் தீர்ப்பளித்தது. ஒரு காதில் இரைந்தாலும் இரு காதுகளில் இரைந்தாலும் இதற்கான விகிதம் 10 விழுக்காடுதான். 2024-ஆம் ஆண்டு கணக்கில் மாதம் 171 டாலர் 23 சென்ட். சொல்லே சான்று என்னும்போது சொல்லில் உள்ள தடுமாற்றமும் சான்றாகிவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஏதோவொரு மருத்துவமனையில், எப்போது தொடங்கியது என்று கேட்ட செவிலிக்கு, பத்து வருடம் இருக்கும் என்று ஒருவர் பொதுவாகச் சொல்லியிருப்பார். முதியவர்களின் பேச்சில் பத்து வருடம் என்பது எண்ணன்று. நெடுங்காலம் என்பதற்கு மறுபெயர். வாரியத்தின் முடிவிலோ அது கணக்காகிறது. விலகிய ஆண்டோடு பொருந்தாததால் அவர் சொல் நம்பத்தக்கதன்று என்று எழுதப்படுகிறது. பேச்சு வழக்கை எழுத்து வழக்கின் இலக்கணத்தால் அளந்த பிழை அது.

இனி நான் உண்மையில் வாதிட விரும்பும் இடத்துக்கு வருகிறேன். ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வியட்நாமில் பீரங்கிப் படையில் இருந்து 1970-இல் விலகியவர். அக்காலத்தில் விலகும்போது பலருக்கும் நடந்த சோதனை ஆடியோகிராம் அன்று. 15 அடித் தொலைவில் நின்று ஒருவர் கிசுகிசுக்க, இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். உயர் அதிர்வெண் இழப்பை அந்தக் கிசுகிசுப்பால் பிடிக்க முடியாது. ஆவணத்தில் பதினைந்துக்குப் பதினைந்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். 1985-இல் இவர் மனுச் செய்கிறார். விலகும் நாளில் காது நன்றாக இருந்தது என்று மறுப்பு வருகிறது. அன்று இவருக்கு நீதிமன்றம் என்ற வாசலே இல்லை. இத்துறையின் முடிவுகளை நீதிமன்றம் ஆராய வழி செய்த சட்டம் 1988-இல்தான் வந்தது. 1993-இல் அந்தப் புதிய நீதிமன்றம், விலகும் நாளில் குறை இல்லாதிருந்தது என்பதை மட்டும் காட்டி மறுக்கலாகாது என்று ஹென்ஸ்லி வழக்கில் தீர்ப்பளித்தது. நம்மவர் அதை எப்படி அறிவார்? 2016-இல் பேரனோ பக்கத்து வீட்டு நண்பரோ சொல்லி, புதிய மருத்துவச் சான்றோடு மீண்டும் மனுச் செய்கிறார். இம்முறை ஏற்கிறார்கள். அதே காது, அதே பீரங்கி, அதே மனிதர். தொடக்க நாள் மட்டும் 2016. இடையில் கரைந்தவை 31 ஆண்டுகள், 372 மாதங்கள்.

இவர் கேட்கத் தவறியவர் அல்லர். கேட்டவர். கேட்டபோது செவிசாய்க்காதது அரசு. அந்தச் செவிட்டுத்தன்மைக்கு மட்டும் விழுக்காடு இல்லை.

பழைய மறுப்பை உடைக்க ஒரு வழி உண்டு. அதில் தெள்ளத் தெளிவான, ஐயத்துக்கிடமற்ற பிழை இருந்தது என்று மெய்ப்பித்தால் 1985-ஐ மீட்கலாம். ஆனால் அன்றைய ஆவணங்களையும் அன்றைய சட்டத்தையும் வைத்தே பிழை தெரிய வேண்டும். சட்டம் இப்படித்தான் என்று பிற்காலத்தில் தெளிந்தது உதவாது. ஒரு மறுப்பு முடிந்த முடிவான பிறகு, அதற்கு அடிப்படையாக இருந்த விதியே செல்லாதென்று ஆனாலும் அது இவ்வகைப் பிழையாகாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஜார்ஜ் வழக்கில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஜனவரியில் அரெல்லானோ வழக்கு. 1981-இல் கடற்படையிலிருந்து விலகிய ஒருவர், தம் மனநோயே தம்மை மனுச் செய்யவிடாமல் தடுத்தது. ஆகவே அந்த ஓராண்டு எல்லையை நியாயம் கருதித் தளர்த்த வேண்டும் என்று கேட்டார். அவர் மனுச் செய்தது 2011-இல். முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினார்கள். இரு தீர்ப்புகளையும் எழுதியவர் நீதிபதி ஏமி கோனி பாரெட். விதிவிலக்குகளை நாடாளுமன்றம் விரிவாகப் பட்டியலிட்டிருக்கிறது. பட்டியலில் இல்லாததை நாங்கள் சேர்க்க முடியாது என்பது இரண்டாவது தீர்ப்பின் சாரம். சட்டத்தைப் படிக்கும் முறை என்ற அளவில் அதில் குறை காண்பது எளிதன்று. அதனாலேயே கேள்வி நீதிமன்றத்தை விட்டு நாடாளுமன்றத்துக்குப் போய்விடுகிறது.

மறுதரப்பின் வாதத்தைப் புறந்தள்ளிவிடக் கூடாது. மனு வந்த நாள் என்பது எவரும் மறுக்க முடியாத முத்திரை. அதை விட்டுவிட்டால் ஒவ்வொரு வழக்கிலும் நாற்பது ஆண்டுப் பழைய நினைவுகளைத் தோண்ட வேண்டியிருக்கும். இன்று 50 டெசிபெல் இழந்தவர் 1985-இல் எவ்வளவு இழந்திருந்தார் என்று யாரால் சொல்ல முடியும்? வயதும் காதைத் தின்னும் அல்லவா? 1973 ஜூலை 12-இல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையான படைவீரர் கோப்புகள் எரிந்து போயின. இல்லாத காகிதங்களைக் கொண்டு எதை நிறுவுவது? இலட்சக்கணக்கான மனுக்களைக் கையாளும் துறைக்கு ஒரு நேர்கோடு வேண்டும். இவையெல்லாம் நேர்மையான வாதங்கள்.

இவற்றுக்கு விடை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து. முதலாவது, அளவு தெரியாதிருப்பது புதிய இடர் அன்று. 2015-இல் ஸ்வெய்ன் வழக்கில், விகித உயர்வின் தொடக்க நாள் முறைப்படியான செவிச் சோதனை நடந்த நாளாகவே இருக்க வேண்டியதில்லை என்று படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. காது மங்கியது சோதனையால் அன்று என்ற எளிய உண்மையை அது ஏற்றது. சான்றுகள் இரு பக்கமும் சமமாக நின்றால் ஐயத்தின் பயன் படைவீரருக்கே என்பதும் பழைய விதி. இரண்டாவது, முதல் மனுவின் நாளுக்குத் திரும்பிப் போவதைச் சட்டம் ஏற்கெனவே பழகியிருக்கிறது. முன்பு பார்வைக்கு வராத படைத்துறை ஆவணம் பிறகு கிடைத்தால், பழைய மனுவின் நாள்வரை பின்னோக்கிப் போகலாம். வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு வழக்கில் 1991-இல் ஏற்பட்ட இசைவு ஏற்பாடு இன்னும் தாராளமானது. நேமர் வழக்கின் வழியே வந்த அந்த ஏற்பாட்டின்படி, ஒரு நோய் அந்த நஞ்சால் வந்ததென்று பின்னாளில் ஏற்கப்பட்டால், அதே நோய்க்காக முன்பு மனுச் செய்து மறுக்கப்பட்டவருக்கு அந்தப் பழைய மனுவின் நாளே தொடக்க நாளாகும். அரசு தன் அறிவு பிந்தியது என்று ஒப்புக்கொண்டது. பிந்தியதன் விலையைப் படைவீரரின் தலையில் கட்டவில்லை. அதனால் எந்தத் துறையும் இடிந்து விழவில்லை.

ஆகவே நான் வேண்டுவது பெரிய புரட்சி அன்று. ஒருபோதும் மனுச் செய்யாதவருக்கு இன்றைய விதியே நிற்கட்டும். ஆனால் காதுக்காக ஒருமுறை மனுச் செய்து, விலகும் நாளில் காது நன்றாக இருந்தது என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டு, பின்னர் அதே குறை பணியால் வந்ததென்று ஏற்கப்பட்டவருக்கு, முதல் மனுவின் நாளை, அன்று குறை இருந்ததைச் சான்று காட்டும் அளவுக்கு, நாடாளுமன்றம் திருப்பித் தர வேண்டும். இந்த வகையினரைக் கோப்புகளிலிருந்து பிரித்தெடுப்பது கடினமன்று. மறுப்புக் கடிதத்திலேயே காரணம் எழுதப்பட்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இன்று பேரொலியில் பணி செய்யும் படைவீரர்களின் காதுகளைப் பணிக்காலத்திலேயே அவ்வப்போது சோதித்து ஆடியோகிராம் எடுக்கிறார்கள். வரம்பு நகர்ந்ததை முதலில் அறிவது காதுக்குரியவர் அல்லர்; அரசு. 2003 முதல் 2015 வரை படையினர் பயன்படுத்திய ஒரு வகைக் காதடைப்பானில் குறை இருந்ததை மறைத்ததாக எழுந்த குற்றச்சாட்டில் 3எம் நிறுவனம் 2018-இல் அரசுக்கு 91 இலட்சம் டாலர் தந்து தீர்த்துக்கொண்டது. வீரர்கள் தொடுத்த வழக்குகளைத் தீர்க்க 2023-இல் 600 கோடி டாலருக்கு இசைந்தது. இரண்டிலும் பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அடைப்பானை நம்பி விலகியவர்களில் பலர், தம் காதுக்கு என்ன நேர்ந்திருக்கலாம் என்பதைச் செய்தியில் படித்தபோது அவர்களின் ஓராண்டு எப்போதோ கழிந்திருந்தது. விலகுவதற்கு 180 நாள் முதல் 90 நாள் வரை முன்னதாகவே மனுச் செய்யும் வசதி இப்போது இருக்கிறது. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும்: விலகும்போது எடுத்த ஆடியோகிராம், சேரும்போது எடுத்ததிலிருந்து குறிப்பிட்ட அளவு தாழ்ந்திருந்தால் அதையே மனுவாகக் கொள்ளலாம். அரசின் கையிலுள்ள காகிதத்தை அரசின் மற்றொரு கையில் கொடுக்கும் வேலைதானே!

தமிழ் இலக்கணத்தில் காலவழுவமைதி என்று ஒன்றுண்டு. உள்ளிருப்பவரை அழைத்தால், வந்து சேராத முன்பே இதோ வந்துவிட்டேன் என்கிறார். கணக்குப்படி அது பிழை. ஆனால் இலக்கணம் அதைப் பிழையென்று தள்ளாமல் அமைத்துக்கொள்கிறது. சொல்பவர் விரைவு குறித்துச் சொல்வதே காரணம். வினை நிகழும் காலமும் அதைச் சொல்லும் காலமும் எப்போதும் ஒன்றாக இரா என்று நம் இலக்கண ஆசிரியர்கள் அறிந்திருந்தார்கள். விதியைக் கைவிட்டுவிட்டு அவர்கள் இதைச் செய்யவில்லை. விதி எதற்காக இருக்கிறது என்று அறிந்து செய்தார்கள்.

கேள்விக்கென்று தனி அதிகாரம் வகுத்து அதைச் செல்வமாகப் போற்றிய மரபில் வந்தவர்கள் நாம். அந்தச் செல்வத்தை இழந்தவர்களில் வியட்நாம் தலைமுறையினர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இவர்களுக்குப் பின்தேதியிட்டுத் தருவதால் கிடைக்கும் தொகை பெரும்பாலும் மாதம் 10 விழுக்காட்டுத் தொகைதான்; காது கேளாமைக்கு மட்டும் ஏற்பு பெற்றவர்களில் பலருக்கு விகிதமே பூச்சியம். ஆகவே அவர்கள் கேட்பது பணத்தை மட்டும் அன்று. 1985-இல் நான் சொன்னது உண்மை என்று ஒரு காகிதத்தில் எழுதித் தாருங்கள் என்கிறார்கள். அதை எழுதித் தருவதற்கும் இரண்டு நாட்கள் உண்டு. அவர்கள் உயிரோடிருக்கும் நாள், அதற்குப் பிந்திய நாள். இதிலாவது அரசு முந்தியதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.